மேப்பிள் சிவக்கும் எட்டு வாரம்: ரொறன்ரோ இலையுதிர்காலத்தில் சமையல், கைவேலை, குடும்பப் பயணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டெம்பர் பிறந்தால் என்னிடம் வரும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஊரிலிருந்து புதிதாக வந்த உறவினர், அடுத்த தெருவுக்குக் குடிவந்த இளம் குடும்பம், மகளோடு படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் என்று கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவுக்கு நான் வந்து 24 ஆண்டுகள் ஆகின்றன. வந்த முதல் ஆண்டு, இலை கொட்டத் தொடங்கியதும் யன்னலைச் சாத்திவிட்டு, வரப்போகும் பனியை நினைத்துக் கலங்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டேன். அந்தப் பருவத்தை வீணாக்கியது இன்றும் மனதை உறுத்துகிறது. கனடாவுக்கு இது அறுவடைக்காலம். நமக்கோ நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை விளக்கீடு என்று வரிசையாக வரும் காலம். இரண்டும் ஒன்றாக வந்து வாசலில் நிற்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு இருக்கலாமா?

இலைகள் எப்போது சிவக்கும்? எதை எந்த வாரத்தில் வைத்துக்கொள்வது?

நாட்காட்டிப்படி செப்டெம்பர் 22 அல்லது 23இல் இலையுதிர்காலம் தொடங்குகிறது. நிறம் வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வரும். ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் அல்கோன்குவின் பூங்காவில் சர்க்கரை மேப்பிள் பெரும்பாலும் செப்டெம்பர் கடைசி வாரத்திலும் ஒக்டோபர் முதல் வாரத்திலும் உச்சத்தில் இருக்கும். ரொறன்ரோ நகருக்குள் அது ஒக்டோபர் நடுப்பகுதியைத் தாண்டிவிடும். வடக்கே போகத் தவறியவர்களுக்கு இங்கேயே இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று அர்த்தம்.

நிறத்தைவிட வெளிச்சத்தைக் கணக்கில் வையுங்கள். செப்டெம்பர் கடைசியில் மாலை ஏழு மணியளவில்தான் சூரியன் மறைகிறது. ஒக்டோபர் நடுவில் ஆறரை. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே திருப்பியதும் மாலை ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடும். பாடசாலை விட்டு வந்த பிள்ளையைக் கையோடு பூங்காவுக்குக் கூட்டிப்போகும் நாட்கள் அதோடு முடிந்தன. அதனால் வெளியே செய்ய வேண்டியதையெல்லாம் ஒக்டோபருக்குள் முடித்துக்கொள்வேன். கைவேலையும் நீண்ட சமையலும் நவம்பருக்கு.

"இலை ஏன் நிறம் மாறுகிறது?" என்று பிள்ளை கேட்கிறது. என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள், ஐந்து வயதுக்கும் அது விளங்கும். இலையைப் பச்சையாக வைத்திருப்பது பச்சையம். பகல் குறுகியதும் மரம் பச்சையம் செய்வதை நிறுத்திவிடுகிறது. இருந்ததும் சிதைந்து போகிறது. அப்போது அடியில் முன்பே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. பேர்ச் மரம் மஞ்சளாவது இப்படித்தான். மேப்பிளின் சிவப்பு வேறு கதை: அது முன்பு இருந்ததல்ல, இலை தன் கடைசி நாட்களில் சர்க்கரையிலிருந்து புதிதாகச் செய்வது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்து வந்த ஆண்டில் சிவப்பு ஆழமாக இருக்கும்.

என் மகளுக்கு இதைச் சொன்னபோது அவளுக்கு ஏழு வயது. "அப்படியென்றால் மஞ்சள் எப்போதும் உள்ளேயே இருந்ததா?" என்று கேட்டுவிட்டு, முற்றத்துப் பச்சை இலை ஒன்றை வெளிச்சத்துக்குப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்வளவுத் தோட்டத்தில் மிஞ்சியிருப்பதை என்ன செய்வது?

இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், ஏனென்றால் உறைபனி ஒரே இரவில் எல்லாவற்றையும் கருக்கிவிடும். நகருக்குள் பெரும்பாலும் ஒக்டோபர் பிற்பகுதியில் அது வரும். வடக்கே போகப் போக முந்தி வரும். கறிவேப்பிலை, முருங்கைச் சாடிகளை அதுவரை விட்டுவைக்கக் கூடாது. இரவு வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் உள்ளே எடுத்துவிடுங்கள். எடுக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துப் பூச்சியைக் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் அதோடு போராட வேண்டியிருக்கும்.

பச்சைமிளகாயைக் காம்போடு பறித்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து, பையில் போட்டு உறையவைத்தால் அடுத்த வைகாசி வரை சமையலுக்கு உதவும். மோர்மிளகாய் போட விரும்பினால் இங்கே ஒக்டோபர் வெயிலை நம்ப முடியாது; மோரில் ஊறியதை ஓவனில் மிகக் குறைந்த சூட்டில், கதவைச் சற்றுத் திறந்துவைத்து, அருகிலேயே இருந்து காயவைக்கிறேன்.

பழுக்காத தக்காளியை ஒருபோதும் எறியாதீர்கள். நான்கு பச்சைத் தக்காளியை வதக்கி, வறுத்த செத்தல் மிளகாய் ஐந்து, இரண்டு பல்லு உள்ளி, ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்து அரைத்தால் தோசைக்கு அருமையான சம்பல். தக்காளியே புளிக்கும் என்பதால் புளி வேண்டாம்.

அப்பிள் பறிக்க எங்கே போகலாம்? போகும் முன் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

கிழக்கே போமன்வில் இருக்கும் கிளாரிங்டன் பகுதியிலும் மேற்கே மில்ட்டன் பக்கத்திலும் நாமே பறிக்கக்கூடிய தோட்டங்கள் இருக்கின்றன. ஸ்காபரோவிலிருந்து கிழக்கே போவது சுலபம். புறப்படும் முன் மூன்றைக் கேளுங்கள்: நுழைவுக் கட்டணம் உண்டா, பழத்துக்குப் பையளவில் விலையா நிறையளவில் விலையா, இன்றைக்கு எந்த வகை பறிக்கும் பதத்தில் இருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியம். மெக்கின்ரோஷ் செப்டெம்பரிலேயே வந்துவிடும். கோட்லண்ட், எம்பயர் மாத இறுதியில். நோர்தேர்ன் ஸ்பை ஒக்டோபர் நடுப்பகுதி வரை காத்திருக்க வைக்கும்.

பறிக்கும் முறை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது. பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி, மெல்லத் திருகினால் காம்போடு கழன்று வரும். பிடித்து இழுத்தால் அடுத்த ஆண்டுக்கான மொட்டு இருக்கும் சிறு கணுவும் சேர்ந்து முறிந்துவிடும். ஓர் அப்பிளுக்காக அடுத்த ஆண்டு அப்பிளையும் பறித்ததாகிவிடும் என்று சொன்னால் பிள்ளைகள் உடனே கவனமாகிவிடுகிறார்கள்.

மெக்கின்ரோஷ் பற்றி ஒரு செய்தி. இந்த ஒன்ராறியோ மாகாணத்திலேயே, டன்டெலா என்ற சிற்றூரின் அருகில், 1811இல் ஜோன் மெக்கின்ரோஷ் என்ற விவசாயி காடு வெட்டும்போது தானாக முளைத்திருந்த அப்பிள் கன்றுகளைக் கண்டு அவற்றைப் பேணினார். இன்று உலகில் இருக்கும் மெக்கின்ரோஷ் மரங்கள் எல்லாம் அவற்றில் எஞ்சிய ஒரே மரத்திலிருந்து ஒட்டுக்கட்டி வந்தவை. இதை அம்மாவிடம் சொன்னேன். "எங்கள் கறுத்தக்கொழும்பான் மாதிரி. கொட்டை போட்டால் அதே பழம் வராது, ஒட்டுத்தான் வேண்டும்" என்றார். அதன்பின் அந்தத் தோட்டத்தில் அம்மா அந்நியராக நடக்கவில்லை. ஒவ்வொரு மரத்தின் அடியிலும் குனிந்து ஒட்டு விழுந்த இடத்தைத் தேடிக்கொண்டு போனார்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் தனி அறையில் வையுங்கள். அப்பிள் வெளிவிடும் எத்திலீன் வாயு கரட்டைக் கசக்கவைக்கும், கீரையை விரைவில் பழுக்கவைக்கும்.

இருபது இறாத்தல் அப்பிளை வைத்து என்ன சமைப்பது? பிள்ளைகளுக்கு அப்பிள் பை (pie) அலுத்துவிட்டது.

புளிப்பான அப்பிளை மாங்காயாக நினையுங்கள். வழி தானாகத் திறக்கும்.

நான் ஆண்டுதோறும் செய்வது தொக்கு. ஒரு கிலோ புளிப்பு அப்பிளைத் தோலோடு துருவுங்கள். அரைக் கோப்பை நல்லெண்ணெயில் ஒரு தேக்கரண்டி கடுகு வெடித்ததும் பெருங்காயம், அரைத் தேக்கரண்டி மஞ்சள், துருவிய அப்பிள். முதலில் நீர் விடும். பயப்பட வேண்டாம், மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் அரை மணி நேரத்தில் சுண்டும். அப்போது மூன்று மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், தேவையான உப்பு, ஒரு சிறு துண்டு வெல்லம். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்போது, வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி தூவி இறக்கி, ஒரு தேசிக்காயைப் பிழிந்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வாரம் இருக்கும். போத்தலில் அடைத்து அலமாரியில் மாதக்கணக்கில் வைப்பதற்கு இது ஏற்றதல்ல. அதற்கு அமிலத்தன்மை சோதித்து எழுதிய முறைகள் வேறு இருக்கின்றன.

மெக்கின்ரோஷ் வெந்தால் குழைந்துவிடும் இனம். அதைத் தொக்குக்கும் கூழாக்குவதற்கும் வையுங்கள். துண்டு துண்டாக நிற்க வேண்டிய கறிக்கு நோர்தேர்ன் ஸ்பை. கோட்லண்ட் வெட்டினாலும் விரைவில் கறுக்காது; பாடசாலை உணவுப் பெட்டிக்கும் தயிர்ப் பச்சடிக்கும் அதுதான்.

கடையில் இருக்கும் பெரிய செம்மஞ்சள் பூசணி நம் கறிக்கு ஆகுமா?

ஆகாது என்றே சொல்வேன். முகம் செதுக்குவதற்காக வளர்க்கும் அந்தப் பெரிய பூசணி நார் நாராக, நீர்த்து, சுவையற்று இருக்கும். நாம் ஊரில் சாப்பிட்ட மாப்பிடிப்பான பூசணிக்குக் கிட்டத்தட்ட அதே ருசி வேண்டுமென்றால் கபோச்சாவை வாங்குங்கள்: கரும்பச்சைத் தோல், தட்டையான உருண்டை, உள்ளே கடும் மஞ்சள். அதன் தோல் வெந்ததும் மென்மையாகிவிடும், சீவ வேண்டியதில்லை. அது கிடைக்காவிட்டால் பட்டர்நட்.

பால்கறி செய்யும் முறை: முக்கால் கிலோவைப் பெரிய துண்டுகளாக வெட்டுங்கள், சிறிதாக வெட்டினால் கரைந்துவிடும். ஒரு வெங்காயம், கீறிய பச்சைமிளகாய் நான்கு, உள்ளி நான்கு பல்லு, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு எல்லாவற்றையும் சட்டியில் ஒன்றாகப் போட்டு, துண்டுகள் பாதி மூழ்கும் அளவுக்கு இரண்டாம் பால் விட்டு மூடி அவியுங்கள். கத்தி இறங்கும் பதத்தில் முதற்பாலை விட்டு ஒரே கொதி, இறக்கிவிடுங்கள். அதற்குமேல் அகப்பை வேண்டாம், சட்டியைப் பிடித்து அசைத்தால் போதும்.

சிங்களச் சமையலில் வட்டக்கா கலு பொல் என்று ஒன்று உண்டு. ஒரு மேசைக்கரண்டி அரிசியையும் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவையும் கருகலாக வறுத்து, கடுகோடு அரைத்து, கடைசியில் இதே கறியில் சேர்ப்பார்கள். ஒருமுறை செய்து பாருங்கள். வெளியே காற்று இலைகளை அள்ளி எறியும் மாலையில், சிவப்பரிசிச் சோற்றோடு, அந்த வறுத்த மணத்துக்கு நிகர் இல்லை.

செதுக்கும் பூசணியிலிருந்து உண்ணக்கூடிய எதுவுமே இல்லையா?

விதை இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, மூடியை வெட்டி எடுத்துவிட்டு, கையை உள்ளே விடச் சொல்லுங்கள். என் மகன் முதல்முறை கை விட்டபோது முழங்கை வரை போய், "குளிருது அம்மா, நூல் நூலாக இருக்கிறது" என்று கத்தினான். ஆனால் கையை எடுக்கவில்லை. விரலிடுக்கில் வழுக்கும் விதைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, அரை மணி நேரத்தில் ஒரு கிண்ணம் சேர்த்துவிட்டான்.

விதையில் ஒட்டிய நாரைக் கழுவி நீக்கி, விதையை உப்புநீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, துணியில் நன்றாகத் துடையுங்கள். ஈரம் இருந்தால் மொறுமொறுப்பு வராது. ஒரு கோப்பை விதைக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், சிட்டிகை மஞ்சள், உப்பு. 175 பாகை செல்சியஸ் ஓவனில் தட்டையாகப் பரப்பி 15 முதல் 20 நிமிடம். நடுவில் ஒருமுறை கிளறுங்கள். பொன்னிறம் தாண்ட விடாதீர்கள்.

குளிருக்கு ஏற்ற நம்முடைய சூப் எது?

ஒடியற்கூழ்தான், வேறென்ன! காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளில் கிடைக்கிறது. நண்டு, பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் உறைந்த நிலையில் அங்கேயே இருக்கும்.

ஆறு பேருக்கு 250 கிராம் மா போதும். அதை நிறையத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, மறுபடி ஊறவைத்து ஊற்றுங்கள். கசப்பு அதோடு போகும். இதைத் தவிர்க்கவே கூடாது. பெரிய பானையில் ஒரு கைப்பிடி சிவப்பரிசி, மரவள்ளித் துண்டுகள், பலாக்கொட்டை, பயிற்றங்காய் அவியட்டும். மரவள்ளி நன்றாக வெந்த பின் மீன்தலை, நண்டு, இறால். பிறகு அரைத்த செத்தல் மிளகாய் பதினைந்து, மஞ்சள், உப்பு, கரைத்த புளி. கடைசியில் மாவைக் கரைத்து விட்டுத் தடிக்கும் வரை துழாவி, முருங்கையிலையைத் தூவி இறக்குங்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மிளகாயைப் பாதியாக்கி, பெரியவர்களுக்கு மேலே சேர்த்துக்கொள்ளலாம்.

ஊரில் பலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்தி அதில் குடித்தோம். மேப்பிள் இலை விரல் விரித்த கைபோலப் பிளந்திருப்பதால் கூழ் நிற்காது. கோப்பையில்தான் குடிக்கிறோம். பேரப்பிள்ளைகளுக்கு அம்மா தடித்த காகிதத்தில் பலாவிலை வெட்டி, மடிக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தார்.

விழுந்த இலைகளை வைத்து என்ன செய்யலாம்? கொண்டு வந்தால் இரண்டு நாளில் சுருண்டுவிடுகின்றன.

அன்று விழுந்த, ஈரமில்லாத இலையைப் பொறுக்குங்கள். தேர்ந்தெடுப்பது பிள்ளைகளின் பொறுப்பு. பெரியவர்கள் குறையற்ற இலையைத் தேடுவார்கள். பிள்ளைகள் பாதி பச்சை பாதி சிவப்பு, பூச்சி அரித்த ஓட்டை என்று பொறுக்கி வருவதுதான் பின்னால் அழகாக இருக்கும்.

வெறுமனே பாடம் பண்ண, செய்தித்தாள் மடிப்புகளுக்குள் வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளை மாற்றினால் பூஞ்சணம் பிடிக்காது. பத்து நாளில் தயார். அதை அட்டையில் ஒட்டி ஊரில் இருக்கும் அப்பப்பாவுக்குக் கடிதத்தோடு அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம்.

நிறமும் பளபளப்பும் நிற்க வேண்டுமென்றால் தேன்மெழுகு. தகரக் குவளையில் மெழுகைப் போட்டு, அந்தக் குவளையைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். அடுப்பில் நேரடியாக வைத்தால் தீப்பிடிக்கும். இலையைக் காம்பில் பிடித்து ஒரே முக்கு, எடுத்து உதறி, நூலில் தொங்கவிடுங்கள். உருக்குவதும் முக்குவதும் பெரியவர் கையில் இருக்கட்டும். நூல் கட்டுவது பிள்ளைகள்.

இப்படி மெழுகில் தோய்த்த இலைகளைத்தான் நவராத்திரிக்கு வாசலில் தோரணமாகக் கட்டுகிறேன். மாவிலை கடையில் கிடைக்கிறது, ஆனால் வாடி வதங்கி வருகிறது. கும்பத்துக்கு மட்டும் மாவிலை வைக்கிறேன், நிலைக்கு மேப்பிள். முதல் ஆண்டு அம்மா தயங்கினார். "இந்த மண்ணில் விளைந்தது, அம்பாளுக்கு ஆகாதா?" என்று கேட்டேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, நடுவில் தொங்கிய இலையை மட்டும் நேராக்கிவிட்டுப் போனார்.

நவராத்திரிக்குப் பாடசாலைக்குச் சுண்டல் கொடுத்து அனுப்பலாமா?

பெரும்பாலான பாடசாலைகளில் கச்சானுக்கும் பிற கொட்டைகளுக்கும் தடை. கொண்டைக்கடலைச் சுண்டலில் அவை இல்லை என்றாலும், ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கக்கூடும் என்பதால் என்னென்ன போட்டது என்று எழுதி முதலில் ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

அல்கோன்குவின் போவது சிறு பிள்ளைகளோடு சாத்தியமா?

சாத்தியம். ஆனால் திட்டமிடாமல் போனால் வாசலிலிருந்தே திரும்ப வேண்டிவரும். அந்த இரண்டு மூன்று வார இறுதிகளில் நாள் அனுமதிச்சீட்டு தீர்ந்துவிடும். ஐந்து நாளுக்கு முன்பிருந்தே இணையத்தில் பதிவு செய்யலாம். காலையில் எழுந்ததும் பதிவு செய்துவிடுங்கள். வார நாளில் ஒருநாள் விடுப்பு எடுக்க முடிந்தால் அதுவே மேல். ஸ்காபரோவிலிருந்து மேற்கு வாசலுக்கு மூன்று மணி நேரம். நாங்கள் இருட்டோடு ஐந்தரைக்குப் புறப்படுகிறோம்.

1893இல் அமைக்கப்பட்ட பூங்கா அது. அறுபதாம் இலக்க நெடுஞ்சாலை அதற்குள் 56 கிலோமீற்றர் ஓடுகிறது, நடைபாதைகள் அதிலிருந்து கிளைக்கின்றன. லுக்அவுட் பாதை 2.1 கிலோமீற்றர்தான், ஆனால் ஏற்றம்; மேலே பாறை விளிம்பில் தடுப்பு இல்லை, பிள்ளையின் கையை விடக்கூடாது. அங்கிருந்து கீழே பார்த்தால் சிவப்பும் செம்மஞ்சளும் நடுநடுவே ஊசியிலை மரங்களின் கரும்பச்சையுமாகக் காடு விரிந்து கிடக்கும். நடக்கத் தொடங்கிய குழந்தை இருந்தால் ஸ்புரூஸ் பொக் பாதைக்குப் போங்கள். ஒன்றரைக் கிலோமீற்றர், சில இடங்களில் சதுப்பின்மேல் பலகை நடை, சுலபமான பாதை.

சாப்பாடு கையில் இருக்க வேண்டும். கட்டுச்சோறு, ரொட்டியும் சம்பலும், வெந்நீர்க் குடுவையில் மல்லிக்கோப்பி. சாப்பிட்டதன் மிச்சத்தை மேசையில் விடாதீர்கள். அது கரடிகள் வாழும் காடு. கைப்பேசி இணைப்பு பல இடங்களில் இருக்காது, வரைபடத்தைத் தாளில் எடுத்துச் செல்லுங்கள்.

எங்களிடம் கார் இல்லை. கிட்டே எங்கே போகலாம்?

நகரை விட்டு வெளியே போகவே தேவையில்லை. ஸ்காபரோவின் கிழக்கு எல்லையில் ரூஜ் தேசிய நகரப் பூங்கா இருக்கிறது, 2015இல் அமைந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. மிருகக்காட்சிச்சாலைக்குப் போகும் நகரப் பஸ்ஸில் இறங்கினால் விஸ்டா நடைபாதை அருகில்தான். ஒக்டோபர் நடுவில் அங்கே நிற்கும் மேப்பிள் எந்த வடக்குக் காட்டுக்கும் குறைந்ததல்ல.

ஆனால் ஒரே ஒரு மாலைதான் கிடைக்கும் என்றால் என் தேர்வு மோர்னிங்சைட் பூங்கா. செப்டெம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் நடு வரை, ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன் மீன்கள் ஹைலண்ட் கிறீக் ஓடையில் எதிரேறி வருகின்றன. மழை பெய்து நீர் சற்று உயர்ந்த மறுநாள் போங்கள். முழங்கால் ஆழம்கூட இல்லாத நீரில், பிள்ளையின் கை நீளத்துக்கு மீன். முதுகு வெளியே தெரிய, கல்லில் வயிறு உரச, வாலை அடித்து அடித்து ஒரு முழம் முன்னேறும், பிறகு ஒரு கல்லின் பின்னால் ஒதுங்கி நிற்கும், மறுபடி அடிக்கும். துடுப்பு நைந்து வெளிறிப் போயிருக்கும். முட்டையிட்டபின் அவை இறந்துவிடும். கரையில் செத்த மீனும் நாற்றமும் இருக்கும். அதையும் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டாம். நாங்கள் நின்ற ஒரு மாலையில் கரையோரம் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள், ஒருவரும் சத்தம் போடவில்லை. ஒரு மீன் கடைசிக் கல்லைத் தாண்டியபோது எல்லோருக்கும் ஒரே மூச்சு வெளியே வந்தது.

நீரில் இறங்குவதோ கல் எறிவதோ கூடாது. நாயைக் கட்டிப் பிடியுங்கள்.

காட்டுப் பாதையில் பயப்பட வேண்டியது ஏதும் உண்டா?

உண்ணி. லைம் நோயைப் பரப்பக்கூடிய கருங்கால் உண்ணிகள் ரூஜ் பகுதியில் இருக்கின்றன. குளிர்ந்துவிட்டதே என்று நினைக்கக் கூடாது, ஒக்டோபரிலும் அவை திரியும். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், பாதையின் நடுவில் நடவுங்கள், வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமயிர் ஓரம் எல்லாம் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் முனை கூரிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்து, மருத்துவரிடம் கேளுங்கள்.

உடையைப் பொறுத்தவரை, ஒரு தடித்த உடுப்பைவிட மூன்று மெல்லிய உடுப்பு நல்லது. காலையில் ஐந்து பாகை, மதியம் பதினெட்டு என்று ஒரே நாளில் மாறும்.

நன்றி நவிலல் நாளுக்கு வான்கோழி சமைக்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை விடுமுறை. குடும்பம் கூடிச் சாப்பிடுவதுதான் முக்கியம். நாங்கள் முழுக் கோழிக்கு யாழ்ப்பாணத்துக் கறித்தூளும் தயிரும் உள்ளியும் பூசி முதல்நாளே ஊறவைத்துவிடுவோம். வான்கோழிதான் வேண்டும் என்றால் குளிர்சாதனப் பெட்டியில் கிலோவுக்குப் பத்து மணி நேரம் என்று கணக்குப் பார்த்து உறைவு நீக்குங்கள். தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானி 82 பாகை காட்ட வேண்டும்.

வேடமிட்டு வீடு வீடாகப் போய் இனிப்பு வாங்கும் ஹலோவீனுக்குப் பிள்ளைகளை விடலாமா? நமக்குப் பழக்கமில்லையே.

நான் விடுகிறேன். ஒக்டோபர் 31 மாலை, முன்விளக்கு எரியும் வீடுகளுக்கு மட்டும் போகச் சொல்லுங்கள். அணைந்திருந்தால் அவர்கள் கொண்டாடவில்லை என்று பொருள். வேடத்தின்மேல் குளிர்ச்சட்டை போட இடம்விட்டுத் தையுங்கள். ஆண்டு முழுவதும் முகம் பாராத அயலவர் அன்று கதவைத் திறந்து பெயர் கேட்கிறார்கள். அந்த ஒரு மாலையில் எங்கள் தெருவில் எனக்குத் தெரியவந்த வீடுகள் ஆறு.

மறுநாள் மாலை நகரின் மேற்கே சொராரன் பூங்காவுக்கு அயலவர்கள் தங்கள் செதுக்கிய பூசணிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்து விளக்கேற்றுவார்கள். ஒருமுறையாவது பிள்ளைகளைக் கூட்டிச்செல்லுங்கள்.

அடுக்குமாடியில் விளக்கீடு எப்படிக் கொண்டாடுவது?

ஊரில் வாழைக்குற்றியை வாசலில் நட்டு, சிரட்டையில் தீயிட்டு, படலையிலிருந்து கிணற்றடி வரை பந்தம் நட்டோம். மாடியில் திறந்த சுடருக்குப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. கட்டட விதியைப் பாருங்கள். சுவாமி அறையில் ஒரே ஓர் அகல், கண்பார்வையில் எரியட்டும். மற்ற இடத்தில் மின்கல விளக்கு.

அதற்கென்றே ஒக்டோபரில் கைக்குள் அடங்கும் குட்டிப் பூசணிகளை வாங்கி, முழுதாகக் குளிர்ந்த இடத்தில் வைத்திருக்கிறேன். விளக்கீட்டன்று மூடியை வெட்டி, கரண்டியால் குடைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு மின்கல விளக்கை வைத்துப் பால்கனி ஓரம் அடுக்கினால் செம்மஞ்சள் ஒளி தோலின் ஊடே வருகிறது. கடந்த ஆண்டு எதிர்க் கட்டடத்து ஒன்பதாம் மாடியில் யாரோ நம்மவர், அதைப் பார்த்துவிட்டு, தங்கள் பால்கனியிலும் ஒரு விளக்கை வைத்தார்கள்.